மண்டோர் அப்பாவுக்கு எந்தப் போன்? சாம்சங் ஏ16, ரெட்மி நோட் 14 பற்றி ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவராக இருக்கும் தன் அப்பாவுக்கு ஹேண்ட்போன் வாங்கித் தர ஒரு தங்கச்சி பார்க்கிறார். கையில் 800 வெள்ளி இருக்கிறது. கடைத்தெருவில் விசாரித்ததில் அந்தப் பணத்துக்குள் இரண்டு போன் வருகின்றன. ஒன்று சாம்சங் கேலக்ஸி ஏ16, மற்றது ரெட்மி நோட் 14. இரண்டுமே 4ஜி மாடல். அப்பா காலையில் பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கூட்டிக் கணக்கெடுப்பது) முடிந்ததும் ஆள் கணக்கைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் தோட்டத்துக் கணக்கர் கிராணிக்கு அனுப்புவார். சம்பளம் வங்கியில் விழுகிறது, கட்டணமெல்லாம் போனிலேயே கட்டுகிறார். நான்காம் படிவம் படிக்கும் தம்பி சாயங்காலம் பாடத்துக்கு அதே போனைத்தான் எடுத்துக்கொள்வான். லயத்து வீட்டில் (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில்) கிடைக்கும் ஒரு கம்பெனியின் லைன், அதாவது சிக்னல், செம்பனைக்குள் கிடைக்காது என்பதால் இரண்டு சிம் வைத்திருக்கிறார். "இரண்டில் எதை அண்ணே வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, இந்த ஊரில் பதினாறு வருடமாக ஹேண்ட்போன் பழுது பார்க்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டத்துப் போன்களில் பாதி என் மேசைக்கு வந்து போயிருக்கும். அதனால் முடிவை முதலிலேயே சொல்கிறேன். போன் அப்பாவுக்கு என்றால் சாம்சங் ஏ16 வாங்குங்கள். தம்பிக்கு மட்டும் தனியாக வாங்குவதாக இருந்தால் ரெட்மி என்று சொல்லியிருப்பேன். காரணத்தையும் எழுதுகிறேன். அது தெரிந்தால் நாளைக்கு இந்த இரண்டு மாடலும் கடையில் இல்லாமல் வேறு இரண்டை எடுத்து வைத்தாலும் நீங்களே பார்த்து வாங்கிவிடலாம்.

கடையில் முதலில் எதைச் சொல்வார்களோ அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். "இந்தச் சிப் வேகம், அந்தச் சிப் மெதுவு" என்பார்கள். இந்த இரண்டு போனுக்கும் அந்தப் பேச்சே பொருந்தாது. ஏ16 4ஜி மாடலில் இருப்பது மீடியாடெக் ஹீலியோ ஜி99. ரெட்மி நோட் 14 4ஜி மாடலில் இருப்பது ஹீலியோ ஜி99 அல்ட்ரா. பெயரில் 'அல்ட்ரா' ஒட்டியிருக்கிறதே தவிர கையில் பிடித்து வேலை செய்யும்போது வித்தியாசம் தெரியாது. இரண்டும் 6 நானோமீட்டர் சிப். வாட்ஸ்ஆப், வங்கிச் செயலி, யூடியூப், தம்பியின் பாட வீடியோ எல்லாவற்றுக்கும் போதும். பெரிய விளையாட்டுகளை இரண்டுமே ஒரே மாதிரிதான் இழுத்துப் பிடித்து ஓட்டும்.

பெட்டியில் "8 + 8 ஜிபி ரேம்" என்று ஒட்டியிருந்தால் அந்த இரண்டாவது எட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது உண்மையான ரேம் இல்லை. சேமிப்பு இடத்தில் கொஞ்சத்தை எடுத்து ரேம் மாதிரி பயன்படுத்துவது. உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது. முதலில் போட்டிருக்கும் எண்தான் உங்களுக்கு வேண்டியது. அது 8 ஆக இருக்கட்டும், குறைந்தது 6 ஆவது இருக்கட்டும். 4 ஜிபி உள்ள வகையைத் தள்ளிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இப்போது ஓடும், இரண்டு வருடத்தில் மூச்சு வாங்கும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அப்பாவின் போன் இன்றைக்கு அவருடைய வங்கிச் சாவி. 2022 செப்டம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஒரு அறிவிப்பு செய்தது. ஆன்லைன் மோசடி பெருகிவிட்டதால், குறுஞ்செய்தியில் ஓடிபி எண் அனுப்பும் முறையை வங்கிகள் படிப்படியாக விட வேண்டும், அதற்குப் பதிலாகக் கணக்குக்காரர் தன் போனில் உள்ள செயலியில் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்றது. ஒரு கணக்குக்கு ஒப்புதல் கொடுக்க ஒரே ஒரு போன்தான் பதியலாம் என்றும் சொன்னது. அன்றிலிருந்து நிலைமை மாறிவிட்டது. முன்பு போன் பழசானால் பேச்சு மட்டும் தடைபடும். இப்போது சொந்தச் சம்பளத்தையே போன் வழியாக அனுப்ப முடியாமல் போகும்.

என் கடைக்கு வரும் போன்களில் மனசு கஷ்டப்படுத்துவது உடைந்த போன் இல்லை. உடைந்ததைச் சரி செய்துவிடலாம். கண்ணாடி கீறல் இல்லாமல், பேட்டரி நன்றாக இருந்தும் உள்ளே ஆண்ட்ராய்டு பழசாகிப்போன போன்தான் கஷ்டம். வங்கிச் செயலியைத் திறந்தால் "இந்தக் கருவிக்கு ஆதரவில்லை" என்று வரும். போன வருடம் ஒரு பெரியம்மா அப்படி ஒரு போனோடு வந்து, "ஒரு கோடு கூட விழவில்லையே தம்பி, ஏன் வேலை செய்ய மாட்டேங்குது?" என்று கேட்டார். கையில் இருந்தது நல்ல போன்தான். அதைச் செய்த கம்பெனி அதற்குப் புதுப்பிப்பு அனுப்புவதை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. அதில் நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. வாட்ஸ்ஆப்பும் இப்படித்தான், 2025 தொடங்கியதும் ஆண்ட்ராய்டு 4.4 போன்களைக் கைவிட்டுவிட்டது.

ஆகவே இந்த விலையில் போன் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, எத்தனை வருடம் புதுப்பிப்பு தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது என்பதைத்தான். சாம்சங் ஏ16 ஆண்ட்ராய்டு 14-ஓடு 2024 இறுதியில் வந்தது. அதற்கு ஆறு பெரிய ஆண்ட்ராய்டு பதிப்புகளும் ஆறு வருடப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் தருவதாகச் சாம்சங் வாக்குக் கொடுத்திருக்கிறது. மலிவு விலைப் போனுக்கு இது பெரிய விஷயம். ரெட்மி நோட் 14-ம் ஆண்ட்ராய்டு 14-ஓடுதான் வந்தது. ஆனால் அதற்குச் சொல்லியிருக்கும் பெரிய ஆண்ட்ராய்டு பதிப்புகள் இதைவிடக் குறைவு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆறு வருடம் நீங்கள் வாங்கும் நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. ஏ16-க்கு அது 2030 வாக்கில் முடியும். இன்று வாங்கினாலும் அதே 2030, அடுத்த வருடம் தள்ளுபடியில் வாங்கினாலும் அதே 2030. பழைய மாடல் மலிவாகக் கிடைக்கும்போது அந்த மலிவோடு போன வருடங்களையும் சேர்த்துக் கழித்துப் பார்க்க வேண்டும்.

ஆறு வருடமும் போன் இதே வேகத்தில் ஓடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்தாவது வருடத்தில் கொஞ்சம் தடுமாறும். பேட்டரியை நடுவில் ஒரு தடவை மாற்ற வேண்டி வரும். பேட்டரி மாற்றுவது பெரிய செலவில்லை, அரை மணி நேர வேலை. ஆனால் வங்கிச் செயலி திறக்கும். அப்பாவுக்கு அதுதானே வேண்டும்.

வங்கி என்று பேச்சு வந்ததால் இன்னொன்று. தம்பியும் அதே போனைப் பயன்படுத்துவான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுடைய விரல் ரேகையைப் போனில் பதிக்காதீர்கள். போனில் பதிந்திருக்கும் எந்த விரலாக இருந்தாலும் பல வங்கிச் செயலிகள் கணக்குக்காரர் விரலாகவே எடுத்துக்கொள்ளும். பையன் நல்ல பையன்தான், நான் அவனைச் சந்தேகப்படவில்லை. ஆனால் அவன் கையில் போன் இருக்கும்போது யாராவது ஒரு இணைப்பை அனுப்பி அழுத்தச் சொன்னால் அவனுக்கு வயது பதினாறுதான். வங்கிச் செயலிக்கு ஒரு தனி எண் வைத்து, அது அப்பாவுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.

கல்யாண அழைப்பிதழ் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு கோப்பு வருகிறது, அழுத்தினால் ஏபிகே என்ற, கூகுள் கடைக்கு வெளியிலிருந்து நிறுவும் செயலியாக இறங்கி ஓடிபி முதல் எல்லாவற்றையும் திருடுகிறது. போலீஸே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. எந்தப் புதுப்பிப்பும் இதைத் தடுக்காது, நாமே அனுமதி கொடுத்துத்தான் அது உள்ளே வருகிறது. தோட்டத்தில் மண்டோருக்கு வராத அழைப்பிதழா? அப்பாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள், அழைப்பிதழ் என்றால் படமாகத்தான் வரும், எதையும் நிறுவச் சொல்லாது. தப்பித்தவறிப் பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் 997 எண்ணுக்கும் கூப்பிட வேண்டும். அது மோசடிக்காகவே 2022-இல் திறந்த தேசிய மையத்தின் எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

அடுத்தது இரண்டு சிம். இதைக் கடையில் யாரும் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் யோசிக்க வேண்டும். இந்த இரண்டு போனிலும் சிம் தட்டில் இரண்டே இடம். இரண்டு சிம் போடலாம், அல்லது ஒரு சிம்மும் ஒரு மெமரி கார்டும் போடலாம். மூன்றும் சேர்ந்து போகாது. அப்பா இரண்டு சிம் வைத்திருக்கிறார், அதனால் மெமரி கார்டுக்கு இடமே இல்லை. "128 ஜிபி போதும், நிறைந்தால் கார்டு போட்டுக்கொள்ளலாம்" என்று கடைக்காரர் சொன்னால் அது உங்கள் வீட்டுக்கு ஒத்துவராத பேச்சு. கடையில் 128-ம் 256-ம் இருந்தால், கொஞ்சம் பணம் கூடினாலும் 256 வாங்குங்கள். தினமும் பெரட்டுப் படம், தோட்டத்துக் குழு, குடும்பக் குழு, கோயில் குழு, தம்பியின் பாட வீடியோ எல்லாம் சேர்ந்தால் 128 இரண்டு வருடம் தாங்காது. இடம் நிறைந்த போன் எந்தச் சிப் வைத்திருந்தாலும் மெதுவாகிவிடும். "போன் ஸ்லோவாயிடுச்சு" என்று கொண்டு வருகிறவர்களில் பலருக்கு நான் செய்வது வாட்ஸ்ஆப் வீடியோக்களை அழித்துக் கொடுப்பதுதான்.

லைன் விஷயம். 2021 முடிந்ததோடு மலேசியாவில் 3ஜி அடைக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு பேசுவதற்கு 4ஜி வழியாகப் போகும் வோல்ட்டி வேண்டும், அது இல்லாவிட்டால் அழைப்பு 2ஜிக்கு இறங்கிவிடும். பேசும்போது குரல் தேய்கிறது, இணையம் நின்றுபோகிறது என்று தோட்டத்து ஆட்கள் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். இரண்டு போனிலும் வோல்ட்டி உண்டு. ஆனால் அது திறந்திருக்கிறதா என்று இரண்டு சிம்முக்கும் தனித்தனியாக அமைப்பில் போய்ப் பாருங்கள். இந்த ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, "புதுப் போன் மாதிரி இருக்குது அண்ணே" என்று சொல்லிப் போனவர்கள் நிறையப் பேர்.

கடையில் "5ஜி வாங்குங்க" என்பார்கள். 2023 இறுதிக்குள் மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டுக்கு 5ஜி போய்விட்டது என்பது உண்மை. ஆனால் அந்த 80-க்குள் உங்கள் லயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஊரில் கிடைக்கும் லைன், மேட்டைத் தாண்டி செம்பனைக்குள் போனதும் காணாமல் போவது நமக்குத் தெரிந்ததுதான். 5ஜி போன் வைத்திருக்கும் உறவுக்காரர் யாராவது வந்தால் வீட்டு வாசலில் நிறுத்திப் பாருங்கள். மேலே 5ஜி என்று காட்டி, அது நிலையாகவும் இருந்தால், கொஞ்சம் கூடுதலாகப் போட்டு ஏ16 5ஜி மாடலை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. காட்டாவிட்டால் அந்தப் பணத்தை 256 ஜிபிக்குப் போடுங்கள்.

லைன் குறைந்த இடத்தில் இன்னொரு நஷ்டம் உண்டு, அது பேட்டரி. கோபுரம் தூரமாக இருந்தால் போன் கத்திப் பேசுகிற மாதிரி, அதிகச் சக்தி செலவழித்து அலையை அனுப்பும். ஊரில் இரவு வரை தாங்கும் போன் தோட்டத்தில் மத்தியானமே சிவப்புக்கு வருவது அதனால்தான். இரண்டு சிம் என்றால் இரண்டும் லைன் தேடும். இந்த இடத்தில் ரெட்மிக்கு நான் மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும். அதன் பேட்டரி 5500 மில்லி ஆம்பியர், சாம்சங்கில் 5000. பத்து விழுக்காடு அதிகம். ஊர் ஆளுக்கு இது பெரிதாகத் தெரியாது, தோட்டத்து ஆளுக்குத் தெரியும். சார்ஜும் ரெட்மி 33 வாட், சாம்சங் 25 வாட். அதோடு ரெட்மி பெட்டிக்குள் பெரும்பாலும் சார்ஜரும் இருக்கும், சாம்சங் பெட்டியில் கம்பி மட்டும்தான். ஆகவே சாம்சங் வாங்கினால் சார்ஜருக்கும் பணம் ஒதுக்குங்கள். "25 வாட், பிபிஎஸ்" (வேகச் சார்ஜ் முறையின் பெயர்) என்று போட்ட சார்ஜராகப் பாருங்கள், மற்றதில் மெதுவாகத்தான் ஏறும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பத்து வெள்ளிக்குக் கிடைப்பதை வாங்காதீர்கள். மலேசியத் தரச் சோதனைக்கான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்க ஆரம்பித்தால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள், எந்தக் கம்பெனி சார்ஜராக இருந்தாலும் சரி.

இனி என் மேசையிலிருந்து தெரியும் ஒரு விஷயம். இதை எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். இரண்டு போனிலும் அமோலெட் திரை. நிறமும் கருப்பும் அழகாக இருக்கும். சாம்சங் 6.7 அங்குலம், விநாடிக்கு 90 தடவை படம் மாறும். ரெட்மி 6.67 அங்குலம், 120 தடவை. வெயிலில் ரெட்மி இன்னும் பளிச்சென்று தெரியும். பார்க்க ரெட்மிதான் ஒரு படி மேலே. ஆனால் திரை உடைந்தால் கதை மாறும். அமோலெட் அசல் திரை விலை கூடியது. பணம் பத்தாமல் பலர் "காப்பி போட்டுக் கொடுங்க அண்ணே" என்பார்கள். அந்தக் காப்பித் திரைகளில் பல வேறு வகை, எல்சிடி. ரெட்மி நோட் 14-இல் விரல் ரேகை பார்க்கும் கருவி திரைக்கு அடியில் இருக்கிறது. அமோலெட் வழியாகத்தான் அது விரலைப் பார்க்கும், எல்சிடி போட்டால் குருடாகிவிடும். பிறகு போன் வேலை செய்யும், விரல் வேலை செய்யாது. சாம்சங் ஏ16-இல் அந்தக் கருவி பக்கவாட்டுப் பொத்தானில் இருக்கிறது. எந்தத் திரை போட்டாலும் அதற்குப் பாதிப்பில்லை.

இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். அப்பா மண்டோர் ஆவதற்கு முன் குலை வெட்டியவராக இருந்தால் அவர் விரல் ரேகை தேய்ந்திருக்கும். பால்மரம் சீவியவர்களுக்கும் அப்படித்தான். எத்தனையோ பேருக்கு நான் நாலு விரல், அஞ்சு விரல் பதிந்து பார்த்திருக்கிறேன். இரண்டு வகைக் கருவியும் அந்தக் கைகளுக்குச் சிரமப்படும். ஆனால் கண்ணாடிக்கு மேல் தடித்த டெம்பர்ட் கிளாஸும் ஒட்டிவிட்டால் திரைக்கு அடியில் இருப்பது இன்னும் தடுமாறும். வாங்கும் அன்று அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். கடையிலேயே அவர் விரலைப் பதிந்து, பத்துத் தடவை திறந்து பாருங்கள். ஒரே விரலை இரண்டு தடவை, இரண்டு விரல் மாதிரி பதிந்து வைத்தால் கொஞ்சம் நன்றாகப் பிடிக்கும்.

தண்ணீர், தூசு விஷயத்தில் இரண்டுக்கும் ஐபி54 தரம். மழைத் தூறல், தெறிக்கும் தண்ணீர் தாங்கும். ஆற்றில் விழுந்தாலோ வாளியில் விழுந்தாலோ தாங்காது. அப்படி நடந்தால் அரிசிக்குள் போட்டு வைக்காதீர்கள். அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், அன்றைக்கே பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போங்கள். அரிசிக்குள் மூன்று நாள் கிடக்கும் நேரத்தில் உள்ளே துரு பிடித்துவிடும். உரம் போடும் நாட்களில் போனை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைக்கச் சொல்லுங்கள். உரத் தூள் ஈரத்தை இழுத்து, சார்ஜ் போடும் வாயை அரித்துவிடும். மண்டோர்களின் போனில் நான் அடிக்கடி மாற்றுவது அந்தப் பாகத்தைத்தான்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரெட்மியில் 108 மெகாபிக்சல், சாம்சங்கில் 50. இரண்டுமே சாதாரணமாக எடுக்கும்போது பல புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் அளவுக்கே படம் தரும். பெரட்டுக் கணக்குக்கும் பிள்ளையின் பரிசளிப்பு விழாவுக்கும் இரண்டும் போதும். சாம்சங்கில் குழுப் படம் எடுக்க அகலமான லென்ஸ் ஒன்று உண்டு, ரெட்மியின் 4ஜி மாடலில் இல்லை. திருவிழாவில் குடும்பமே நிற்கும்போது அது உதவும்.

தம்பி பாடம் கேட்க ஹெட்போன் வைத்திருப்பான். சாம்சங் ஏ16-இல் பழைய உருண்டை ஹெட்போன் துளை கிடையாது, ரெட்மியில் இருக்கிறது. பையனுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். டைப்-சி ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பழைய ஹெட்போனைச் செருக உதவும் மலிவான அடாப்டர் சில போனில் வேலை செய்யாது, அதனால் கடையிலேயே செருகிப் பாட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ரெட்மியில் பேச்சுவழக்கில் சொல்வது போல 'விளம்பரத் தொல்லை' உண்டு. போனோடு வரும் செயலிகளில் விளம்பரம் காட்டும். அமைப்பில் 'பரிந்துரை' என்று இருப்பதை ஒவ்வொன்றாக அணைக்கலாம், ஆனால் பெரியவர்கள் தாங்களாகச் செய்ய மாட்டார்கள். விளம்பரத்தைத் தவறி அழுத்தி வேண்டாத செயலி இறங்கிய போன்களை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். தம்பிக்கு ரெட்மி, அப்பாவுக்குச் சாம்சங் என்று பிரித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் எங்கே வாங்குவது? ஆன்லைனில் நூறு வெள்ளி குறைவாக இருந்தால் அது ஏ.பி. செட்டா என்று பாருங்கள். அதாவது வேறு நாட்டுக்குச் செய்ததைத் தனியாகக் கொண்டு வந்து விற்பது. 2017-இல் நானே ஈப்போவில் ஒரு கடையில் அப்படி ஒன்றை வாங்கினேன். நாலு மாதத்தில் போர்டு போய்விட்டது. சேவை மையத்தில் "இது மலேசியா செட் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள், கடைக்குப் போனால் கதவு அடைத்துக் கிடந்தது. 900 வெள்ளி. அந்த வருடத் தீபாவளிக்கு வைத்திருந்த பணம் அது. நமக்குச் சேவை மையம் என்றால் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும், ஒரு நாள் வேலையை விட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. மலேசியா செட்டா, ஒரு வருட வாரண்டி யார் தருவது என்று கேட்டு, ரசீதில் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ அடையாள எண்ணையும் எழுதி வாங்குங்கள். போனில் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் அந்த எண் வரும். ரசீதில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரசீது கையில் இருந்தால் கடைக்காரர் ஏமாற்றினாலும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

"போன் இலவசம், மாதாமாதம் பில் கட்டினால் போதும்" என்று சொன்னால் 24 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள். அப்பா இப்போது மாதம் 35 வெள்ளிக்கு டாப்-அப் போடுகிறார், அவர்கள் 80 வெள்ளித் திட்டம் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 45 வெள்ளி கூடுதல், 24 மாதத்துக்கு 1,080 வெள்ளி. 800 வெள்ளிப் போனுக்கு 1,080 கொடுக்கிறீர்கள், நடுவில் விடவும் முடியாது. அதுவும் அந்தக் கம்பெனி லைன் லயத்தில் கிடைக்காவிட்டால் இரண்டாவது சிம் செலவும் சேரும். கையில் 800 இருக்கிறது, ரொக்கமாகவே வாங்குங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் அதே கடையிலோ பக்கத்துக் கடையிலோ ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் போனுக்கு அசல் திரை மாற்ற எவ்வளவு?" இரண்டு மாடலுக்கும் கேளுங்கள். போன் விலையில் பாதிக்கு மேல் சொன்னால், அன்றைக்கே நல்ல உறையும் கண்ணாடியும் போட்டுவிட வேண்டும் என்று அர்த்தம்.

கடைசியாக, பழைய போனிலிருந்து மாற்றும் நாள். இதைச் சம்பளத்தை ஒட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் விழும், அந்த வாரத்தில் அப்பா பணம் அனுப்ப வேண்டியிருக்கும். புதுப் போனில் வங்கிச் செயலியைப் பதிந்தால் பாதுகாப்புக்காகச் சில மணி நேரம் காத்திருக்க வைப்பார்கள், அதுவரை பணம் அனுப்ப முடியாது. மாத நடுவில் ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள். முதலில் பழைய போனில் வாட்ஸ்ஆப்பை கூகுள் கணக்கில் சேமித்து, அது முடிந்ததா என்று தேதியைப் பாருங்கள். பிறகு சிம் இரண்டையும் மாற்றி, புதுப் போனில் வாட்ஸ்ஆப்பைத் திறந்து பழைய பேச்சுகள் வந்துவிட்டதா என்று பாருங்கள். வங்கிச் செயலியைக் கடைசியில் மாற்றுங்கள். பழைய போனை உடனே அழித்துவிடாதீர்கள், இரண்டு வாரம் அலமாரியில் இருக்கட்டும். அப்பா தேடுகிற ஏதாவது ஒரு படமோ யாருடைய குரலோ அதில் மட்டும் இருக்கும். எங்காவது தடுக்கினால் இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு கடைக்கு வாருங்கள், உட்கார்ந்து மாற்றிக் கொடுக்கிறேன்.